எதுனா சொன்னாரா?

நர்ஸஸ் டே மலருக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று போன வாரம் உங்களில் இரண்டு பேர் என் வீட்டைத் தேடி வந்தீர்கள். நம் கேஷுவால்டியில் காலமெல்லாம் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, இந்த வருடம் இறந்துபோன பெரிய சிஸ்டரைப் பாராட்டி எழுதித் தர வேண்டும் என்றீர்கள். மேலே அவர் போட்டோ வரும், தலைப்பு ‘கருணையின் மறுவடிவம்’ என்று முடிவும் செய்துகொண்டு வந்திருந்தீர்கள். டீ குடித்துவிட்டுப் போனீர்கள். உட்கார்ந்து எழுத ஆரம்பித்ததும், ஒரு பக்கத்தில் அடங்குகிற விஷயம் இல்லை என்று தெரிந்துவிட்டது. தலைப்பையும் மாற்றிவிட்டேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். ஆனால் டியூட்டி ரூமில் வைத்து எல்லோரும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

முதலில் அந்த மறுவடிவத்தைப் பற்றி. கருணை என்றதும் நீங்கள் சிரித்த முகத்தையும் மெல்லிய குரலையும் நினைத்துக்கொள்கிறீர்கள். பெரிய சிஸ்டரிடம் இரண்டும் கிடையாது. சிடுமூஞ்சி. ஊசிக்குக் கையை இழுத்துக்கொள்கிற ஆம்பிளைகளை, “பொண்டாட்டிய அடிக்க மட்டும் கை நீளுது இல்ல?” என்று கேட்பார். ஆண் நர்ஸான என்னை ஆஸ்பத்திரியே பிரதர் என்று கூப்பிடும்போது அவர் மட்டும் கடைசி வரை “இன்னாப்பா” என்றுதான் கூப்பிட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரோடு ஒரே ஷிப்ட் விழுந்தால் வேறு யாரிடமாவது மாற்றிக்கொள்ளப் பார்ப்பேன்.

அவரிடம் இருந்தது ஒரு பழக்கம். ஒரு ஆள் இனி தேறமாட்டார் என்று தெரிந்த நிமிடத்தில், நாமெல்லாம் மிஷினைப் பார்ப்போம், கையில் கிடைத்ததை எல்லாம் செய்வோம். அவர் தன் கையில் இருக்கும் வேலையையும் விடமாட்டார். ஆனால் தலைமாட்டுக்குப் போய்விடுவார். குனிந்து காதை அந்த ஆளின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார். கூட்டம், கூச்சல், டாக்டரின் கத்தல் எதுவும் அந்தக் காதை நகர்த்தாது. எல்லாம் முடிந்த பிறகு கை கழுவிக்கொண்டு, கிரில் கேட்டுக்கு வெளியே தானே போவார். “யாரு கூட வந்தது?” என்று கேட்பார். வந்தவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, “போயிட்டாரும்மா” என்று நேராகச் சொல்லிவிடுவார். சுற்றி வளைக்கமாட்டார். அழுது ஓயும் வரை எழுந்திருக்கவும் மாட்டார். எப்படியும் அந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும்.

உங்களுக்கும் அந்தக் கேள்வி பழக்கம்தான். “கடைசியா எதுனா சொன்னாரா?” அழுகையோடு வருகிற ஒரு பேச்சு என்று நீங்கள் நினைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறீர்கள். உங்களில் பாதிப் பேர் வெளியூர், மீதிப் பேர் இங்கே தங்கச் சுரங்கம் மூடிய பிறகு பிறந்தவர்கள். அதனால் சொல்கிறேன். நம் ஊரில் அது உரிமையோடு கேட்கிற கேள்வி. சுரங்கம் ஓடிய காலத்தில் கீழே ஒருவன் செத்தால், அவனோடு வேலை செய்த பார்ட்னர் கேஜ் என்கிற சுரங்க லிப்டில் ஏறி மேலே வந்ததும் குளிக்கக்கூடாது, தன் வீட்டுக்குப் போகக்கூடாது. அதே சேற்று உடுப்போடு செத்தவன் வீட்டுக்குப் போய், அவன் கடைசியாகப் பேசினதைப் பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டும். பிணம் மெதுவாக வரும். பேச்சு முதலில் வந்துவிட வேண்டும்.

பெரிய சிஸ்டரின் அப்பா அப்படித்தான் போனார். ஸ்கெலட்டன் லைன் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் இவர்கள் வீடு. கீழே பாறை சரிந்தது. பார்ட்னர் வந்து வாசலில் நின்று, “அண்ணி, பெரிய பொண்ணு ஷூ கிழிஞ்சிபோச்சு, ஷிப்ட் முடிஞ்சி போயி வாங்கணும்னு சொல்லிகினு இருந்தாரு. அதுக்கப்புறம் பேசல” என்றாராம். அந்தப் பெரிய பெண்தான் சிஸ்டர். தங்கச்சி அப்போது கைக்குழந்தை. “எங்க அப்பா முகம் எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கு. அந்த ஷூ பேச்சு முழுசா இருக்கு” என்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு ரசம் சரியில்லை என்று கேன்டீன்காரரைத் திட்டப் போய்விட்டார்.

இதில் ஒரு தப்பு எப்படி நடக்கும் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மிடம் ஒரு இளம் டாக்டர் இருந்தார். வெளியூர்க்காரர், தங்கமான மனசு. நம் ஊர் மைசூர் மைன்ஸ் பக்கத்திலிருந்து ஒரு பழைய தொழிலாளியைக் கொண்டுவந்தார்கள். நுரையீரல் முழுக்கக் கல்தூசி. படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்விட்டார். சிஸ்டர் கடைசி வரை கூடத்தான் இருந்தார். ஆனால் உயிர் போன கையோடு ஒரு பிரசவ கேஸ் ஆட்டோவில் வந்து இறங்கியதால் அங்கே ஓடிவிட்டார். வெளியே நின்ற கிழவியிடம், அந்தத் தொழிலாளியின் பெண்டாட்டியிடம், டாக்டரே போனார். அந்தம்மா கேட்ட கேள்விக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், ஆறுதலாக இருக்கட்டும் என்று, “கடைசியா உங்க பேரச் சொல்லித்தாம்மா கூப்பிட்டாரு” என்றார்.

கிழவி அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். “என் பேரயா?” என்றார். “கட்டிகினு வந்த நாள்லேர்ந்து அந்தாளு என் பேர வாயில எடுத்தது கிடையாது. ‘இந்தாமே’தான்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “அவருக்கு மருந்தாவது குடுத்தீங்களா டாக்டரே?” என்று கேட்டார்.

டாக்டர் முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த ஆளுக்காகக் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றவர் அவர். ஒரு நல்ல பொய்யில் அத்தனையும் போய்விட்டது. பிரசவத்தை முடித்துக்கொண்டு வந்த சிஸ்டர் விஷயத்தைக் கேட்டு, கிழவி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “ஒண்ணும் சொல்லலம்மா. மூச்சுக்கே பத்தல, எங்க பேசுறது? வலது கை மட்டும் கட்டில் கம்பிய பிடிச்சிகினே இருந்துச்சி. நான்தான் பிரிச்சி என் கையில வச்சிகினேன்” என்றார். கிழவி தலையை ஆட்டினார். “கேஜுல போறப்போ வரப்போ கம்பிய பிடிச்ச கை. தூக்கத்துலகூட எதுனா பிடிச்சிகினுதான் இருக்கும்” என்று சொல்லி, அதற்கப்புறம்தான் வாய்விட்டு அழுதார். அன்று சாயங்காலம் சிஸ்டர் டாக்டரிடம், “சார், நாம சொல்றத அவங்க வீட்டுக்கு எடுத்துகினு போய் சாகுற வரைக்கும் வச்சிருப்பாங்க. கெட்டுப்போறத குடுத்து அனுப்பாதீங்க” என்றார். திட்டவில்லை. அதிசயம்தான்.

அப்படியானால் உண்மையைச் சொல்ல முடியாத இடத்தில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு நாள் வந்தது. தினமும் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்த பையன். வேலை போய்விட்டது. சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கும் அவனுக்கும் வீட்டில் தினம் சண்டை. பூச்சிமருந்து குடித்துவிட்டான். கொண்டுவந்தபோது நல்ல நினைவோடு இருந்தான், ஆனால் கைமீறிப் போயிருந்தது. சிஸ்டர் குனிந்தார். அவன், “எங்கப்பன உள்ள விடாதீங்க. அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்” என்றான். நானும் பக்கத்தில்தான் நின்றேன், என் காதிலும் விழுந்தது. கிரில் கேட்டுக்கு வெளியே அந்த அப்பா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

அன்று டியூட்டியில் இருந்த டாக்டர் யாரையும் உள்ளே விட வேண்டாம் என்றார். அது சரியும்தான், பையனே வேண்டாம் என்கிறான். சிஸ்டர் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. பிறகு பையனிடம் குனிந்து, “கண்ணு, நீ போயிட்டா உங்கப்பன் என்கிட்ட கேப்பான். நான் பொய் சொல்லமாட்டேன். இப்ப நீ சொன்னதத்தான் குடுக்கணும். இதுதான் குடுக்கணுமா?” என்று கேட்டார். அவன் கண் ஓரத்தில் தண்ணீர் மட்டும் வந்தது. சிஸ்டர் போய் கேட்டைத் திறந்து அந்த மனுஷனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து கால்மாட்டில் நிறுத்தினார்.

நீங்கள் நினைப்பது நடக்கவில்லை. பையன் மன்னிக்கவில்லை, அப்பா என்று கூப்பிடவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அந்த மனுஷன் அவன் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். போகும் வரை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் வெளியே போகும்போது சிஸ்டரிடம் எதையும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. சிஸ்டர் செய்தது சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. டாக்டர் அவரோடு ரொம்ப நாள் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று இவரும் இருந்துவிட்டார்.

யாருமே கேட்க வராதவர்களும் உண்டு. லாரி இடித்து ரோட்டோரம் கிடந்த ஒருவரை ஒரு மத்தியானம் போலீஸ்காரர் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். பையில் செல்போன் இல்லை, பெயர் தெரியவில்லை. ஆந்திரா எல்லைப் பக்கத்து ஆள் என்று பேச்சில் தெரிந்தது. “ஆவுக்கு நீள்ளு பெட்டலேது” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். பசுவுக்குத் தண்ணீர் வைக்கவில்லையாம். சிஸ்டர் அன்று டிபன் டப்பாவைத் திறந்து மூடி வைத்துவிட்டார். “இந்த வெயில்ல எங்கியோ ஒரு மாடு கட்டிப்போட்டிருக்குப்பா” என்றார். போலீஸ்காரரைக் கூப்பிட்டு, அந்தப் பக்கத்துக் கிராமங்களில் கட்டிப்போட்ட பசுவைப் பற்றி விசாரிக்கச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். ஷிப்ட் மாறும்போது எந்தக் கட்டிலில் யார், எந்த பாட்டில் முடியப்போகிறது என்று ஒவ்வொன்றாக என்னிடம் ஒப்படைத்துவிட்டு, கடைசியில், “ஒரு பசு இருக்கு. யாருனா கேட்டுகினு வந்தா சொல்லு” என்றார். மறுநாள் நான் அவரிடம் திருப்பி ஒப்படைத்தேன். யாரும் வரவில்லை. அவர் ஓய்வு பெற்ற நாளில் பூமாலை, சால்வை எல்லாம் முடிந்து ஆட்டோவில் ஏறும்போது, “அந்த மாட்டு சமாச்சாரம் உன்கிட்ட இருக்குல்ல?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

இனி, நீங்கள் எல்லோரும் இருந்த நாளுக்கு வருகிறேன்.

அன்று காலையில் பெரிய சிஸ்டர் வீட்டில் விழுந்தார். கல்யாணம் செய்துகொள்ளாமல் அவரோடேயே இருந்த தங்கச்சி, லைன்காரர்களைக் கூப்பிட்டு, ஆட்டோவில் போட்டு நம் கேஷுவால்டிக்குக் கொண்டுவந்தாள். உங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. தலையில் ரத்தக்கசிவு என்று பார்த்ததுமே கண்டுபிடித்தீர்கள். நம்மிடம் ஸ்கேன் இல்லை, பெங்களூருக்குத்தான் அனுப்ப வேண்டும். நேரத்தை வீணாக்காமல் ஊசி, ஆக்ஸிஜன் எல்லாம் செய்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டீர்கள். நான் அங்கே இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பேன். இந்த ஊரில் வேலைக்கும் வைத்தியத்துக்கும் ஒரே பாதை. தங்கச்சியைக் கிரில் கேட்டுக்கு வெளியே நிறுத்தினீர்கள், அதுவும் விதிதான். ஆம்புலன்ஸில் அவளை முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். நடுவில் கண்ணாடி. கோலார் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு தங்கச்சி என்னிடம் வந்தாள். “ண்ணா, கிரில் கேட்டுகிட்ட நின்னுகினு இருந்தப்போ உள்ள அக்கா குரல் கேட்டுச்சி. இன்னா பேசுறாங்கன்னு புரியல. எதுனா சொன்னாங்களான்னு கேட்டு சொல்றீங்களா?” என்றாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா போய்விட்டார். அவளுக்கு அம்மாவும் அப்பாவும் அக்காதான். நான் மறுநாளே வந்து உங்களைக் கேட்டேன். ஞாபகம் இருக்கும். அன்று டியூட்டியில் இருந்த பெண் ஒளிக்காமல் சொன்னாள். “பேசிட்டேதான் சார் இருந்தாங்க. இர்ரெலவன்ட் டாக். நாங்க கவனிக்கல.”

நீ நல்ல பெண், உண்மையைச் சொன்னாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வெளியே வந்து, அவர் எத்தனையோ பேருக்காக உட்கார்ந்த அந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். பொருத்தமில்லாத பேச்சு. அந்த ஷூவும் அப்படித்தானே. அந்தப் பசுவும் அப்படித்தானே. அவர் ஆயுள் முழுக்கக் குனிந்து குனிந்து கேட்டதெல்லாம் அந்தப் பேச்சைத்தான். ஆட்டோவில் போகும்போது, தங்கச்சியிடம் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. உன்னைத்தான் கேட்டார், உன்னைப் பற்றித்தான் பேசினார் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? கெட்டுப்போறத குடுத்து அனுப்பாதீங்க என்ற குரல் காதிலேயே இருந்தது.

“பேசினாங்கம்மா. யாரும் காது குடுக்கல” என்றேன்.

அவள் அழவில்லை. “அக்கா வேலை செஞ்ச எடத்துலயாண்ணா?” என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன்.

இதை எழுதி ஏதாவது மாறும் என்று நான் நம்பவில்லை. உங்களுக்கு ஆள் பற்றாக்குறை, கட்டிலுக்குக் கட்டில் ஓட்டம், ஒவ்வொரு மாதமும் புதுப்புது விதி. அவர் போட்டோவுக்கு மாலை போட்டுவிட்டு நீங்கள் வேலையைப் பார்ப்பீர்கள். வேறு என்னதான் செய்வீர்கள்? ஆனால் என் ஷிப்ட் முடிந்து வெகு நாளாகிறது, எனக்கும் வயதாகிவிட்டது. கையில் இருப்பதை ஒப்படைத்துவிட்டுப் போகிறேன்.

ஒரு பசு இருக்கிறது. பெயர் தெரியாத ஒரு தெலுங்குக்காரருடையது. யாராவது கேட்டுக்கொண்டு வந்தால், அதற்குத் தண்ணீர் வைக்கவில்லை என்று கடைசி வரை கவலைப்பட்டார் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. ஸ்கெலட்டன் லைனில் ஒருத்தி காத்திருக்கிறாள். அன்று காலை அந்தக் கட்டிலைச் சுற்றி நீங்கள் நான்கைந்து பேர் நின்றீர்கள். எப்போதாவது, பஸ்ஸிலோ குளிக்கும்போதோ, பெரிய சிஸ்டர் சொன்னதில் ஒரு வார்த்தை உங்களில் யாருக்காவது ஞாபகம் வரலாம். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, அர்த்தமே இல்லாமல் இருந்தாலும் பரவாயில்லை. யூனிபார்மைக்கூட மாற்றாமல் நேராக அவளிடம் போய்ச் சொல்லுங்கள். ஞாபகம் வராவிட்டால் மட்டும் எதையும் கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். அக்கா எப்படிப் பேசுவாள் என்று அவளுக்குத் தெரியும்.